கார் ஆடியோ செட்டு: கையாளுறதும் காப்பாத்துறதும்

பேட்டரி மாத்திட்டு சாவியத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சு, லைட் எரிஞ்சது, ஹாரன் அடிச்சது, ஆடியோ செட்டு மட்டும் பாடல. டிஸ்ப்ளேல "கோட்"னு ஒரு வார்த்தை, பக்கத்துல நாலு கோடு, அவ்வளவுதான். பழைய வண்டி அது, எனக்கு வித்தவர் கோட் பத்தி எதுவும் சொல்லல, நானும் கேக்கல, அப்படி ஒண்ணு இருக்குறதே எனக்குத் தெரியாது. தோணின நம்பரையெல்லாம் போட்டுப் பாத்தேன், சில தடவைக்கு அப்புறம் செட்டு மொத்தமா பூட்டிக்கிச்சு. அந்த நாலு இலக்க நம்பர் கைக்கு வர்ற வரைக்கும் மூணு வாரம் பாட்டே இல்லாம வண்டி ஓட்டினேன்.

அதுக்கப்புறம் புதுசா செட்டு போட்டவங்க யார் என்கிட்ட கேட்டாலும், வாட்ஸ் எத்தனை, வூஃபர் (பேஸுக்குன்னு இருக்குற பெரிய ஸ்பீக்கர்) எத்தனை இன்ச்சுங்கிற பேச்சுக்கு முன்னாடி வேற சில விஷயத்தத்தான் சொல்றேன். ஏன்னா நான் பாத்த வரைக்கும் செட்டுக்கு வர்ற சேதம் திருடனால வர்றத விட, போட்ட மொத மாசத்துல நாமளே பண்ற சின்னச் சின்னத் தப்பால வர்றதுதான் அதிகம். செட்டு, ஸ்பீக்கர், பேட்டரி, காது, இந்த நாலும் பத்திரமா இருக்கணும், அதுக்கு என்ன வரிசைல என்ன பண்ணணும்னு சொல்றேன்.

மொதல்ல நம்பர எழுதி வைங்க

செட்ட டேஷ்போர்டுக்குள்ள சொருகுறதுக்கு முன்னாடி அதோட பக்கவாட்டுலயோ மேலயோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் அதுல இருக்கும், சீரியல் நம்பர் பெரும்பாலும் முகப்புல இருக்காது. உள்ள போயிட்டா அத மறுபடி பாக்கணும்னா மொத்தத்தையும் கழட்டணும். அதனால போட்டோ எடுத்துக்கோங்க, பில்லையும் சேத்து போட்டோ எடுங்க, ரெண்டையும் போன்ல மட்டும் வைக்காம மெயில்ல உங்களுக்கே அனுப்பி வச்சுக்கோங்க. கம்பெனிலேர்ந்தே செட்டோட வந்த வண்டின்னா மேனுவல் பையில ஒரு சின்ன அட்டை இருக்கான்னு பாருங்க, கோட் இருக்குற வண்டின்னா பெரும்பாலும் அதுலதான் அச்சடிச்சிருப்பாங்க. அந்த அட்டைய வண்டியிலயே வச்சுட்டா கோட் இருந்தும் பிரயோஜனம் இல்ல, செட்ட எடுக்குறவன் கையில அந்த கோட் நம்பரும் சேந்து போயிடும். வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க.

இந்த கோட் எதுக்குன்னா, செட்டுக்கு எப்பவும் கரண்ட் குடுத்துக்கிட்டே இருக்குற ஒரு வயர் உண்டு, அது துண்டிச்சதும் "என்ன யாரோ பிடுங்கிட்டாங்க"ன்னு செட்டு முடிவு பண்ணிக்கும். பேட்டரி கழட்டினாலும் அதுக்கு அப்படித்தான் தெரியும், திருடனா மெக்கானிக்கான்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால பேட்டரில கை வைக்கிறதுக்கு முன்னாடி உங்க செட்டுக்கு கோட் இருக்கா, அது கையில இருக்கான்னு பாத்துக்கோங்க. ரேடியோ ஸ்டேஷன், கடிகாரம், ஈக்வலைசர் எல்லாமே பல செட்டுல அழிஞ்சு போகும், அதையும் ஒரு போட்டோ எடுத்து வைங்க.

கோட் தொலைஞ்சிருந்தா தயவுசெஞ்சு குத்துமதிப்பா அடிக்காதீங்க. சில செட்டு ரெண்டு மூணு தப்புக்கே பூட்டிக்கும், அப்புறம் செட்ட ஆன்ல வச்சு ஒரு மணி நேரம் போல காத்திருந்தாத்தான் மறுபடி அடிக்க விடும், நடுவுல ஆஃப் பண்ணா கணக்கு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். சிலது அதுக்கு மேல விடவே விடாது. சீரியல் நம்பரும் வண்டி உங்களோடதுங்கிறதுக்கான பேப்பரும் கொண்டு போனா அந்த கம்பெனியோட டீலர் கோட எடுத்துக் குடுப்பாங்க, நேரம் பிடிச்சாலும் அதுதான் சரியான வழி.

மஞ்சளும் சிவப்பும்

வயரிங்க நீங்களே பண்ணலன்னாலும் இத தெரிஞ்சு வச்சுக்கிட்டா பண்றவர் வேலைய நின்னு பாக்கலாம். தனியா வாங்குற செட்டுல பின்னாடி வர்ற வயருக்கு கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் ஒரே கலர்தான். மஞ்சள் எப்பவும் 12 வோல்ட் வர்றது, சிவப்பு சாவி போட்டா மட்டும் வர்றது, கருப்பு எர்த், நீலத்துல வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ப (சவுண்டுக்குக் கூடுதல் பவர் குடுக்குற தனிப் பெட்டி, ஆம்ப்ளிஃபயர்) எழுப்புற ரிமோட் வயர். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, இதே கலர்ல கருப்புக் கோடு போட்டிருந்தா அது நெகட்டிவ். ஆனா இது செட்டுல இருக்குற வயருக்கு மட்டும்தான், வண்டிலேர்ந்து வர்ற வயர் கலர் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனால உங்க மாடலுக்குன்னே வர்ற கப்ளர (வயர வெட்டாம சொருகி இணைக்கிற பிளக்) வாங்கி சொருகுறதுதான் நல்லது. வண்டி வயர வெட்டி முறுக்கி டேப் சுத்துற வேலைய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், வெயில்ல பசை இளகி டேப் கழண்டுக்கும், வாரன்டியும் கேள்விக்குறி ஆகிடும்.

இதுல அடிக்கடி நடக்குற தப்பு, சாவியோட வர்ற லைன் கிடைக்கலன்னு சிவப்பையும் மஞ்சளையும் ஒண்ணா முறுக்கி நேரா பேட்டரி லைன்ல குடுக்குறது. அன்னைக்கு நல்லாத்தான் பாடும். ஆனா பல செட்டு சாவிய எடுத்தாலும் முழுசாத் தூங்காது, உள்ள ஏதோ ஒரு பகுதி முழிச்சுக்கிட்டே இருக்கும். அரை ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க, 40 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா கணக்குப்படி 80 மணி நேரத்துல காலி, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஸ்டார்ட்டர சுத்துற தெம்பு அதுக்கு இருக்காது, அதாவது வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்தின வண்டி திங்கக்கிழமை காலைல கிளம்பாம போகலாம். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு, பேட்டரி போச்சுன்னு நெனச்சு புது பேட்டரியே வாங்கிட்டேன், அதுவும் அடுத்த வாரம் படுத்துக்கிச்சு, அப்புறம்தான் டேஷ்போர்ட கழட்டிப் பாத்தா ரெண்டு வயரும் ஒரே முடிச்சுல இருந்துச்சு.

அறிகுறிய வச்சே இதக் கண்டுபிடிக்கலாம். சாவிய எடுத்தாலும் செட்டு தானா அணையலன்னா சிவப்பு தப்பான எடத்துல இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனும் நேரமும் மறந்து போகுதுன்னா மஞ்சளுக்கு எப்பவும் வர்ற கரண்ட் போகல, சில வண்டியோட கப்ளர்ல இந்த ரெண்டும் இடம் மாறித்தான் வரும், செட்டோட வயர்ல ரெண்டையும் மாத்திச் சொருகினா சரியாகிடும்.

சந்தேகமா இருந்தா அளந்து பாருங்க. எல்லாத்தையும் அணைச்சிட்டு பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினல கழட்டி, மல்டிமீட்டர (கரண்ட், வோல்டேஜ் அளக்குற கருவி) 10 ஆம்பியர் அளவுல வச்சு டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவுல பிடிங்க (இதுவும் பேட்டரி கழட்டுற கணக்குதான், கோட் கையில இருக்கணும்), மீட்டர் நடுவுல இருக்கும்போது வண்டிய ஸ்டார்ட் மட்டும் பண்ணிடக் கூடாது. இப்ப வர்ற வண்டில கம்ப்யூட்டரெல்லாம் தூங்கவே அரை மணி நேரம் வரைக்கும் ஆகலாம், பொறுமையா இருந்து பாத்தா 0.05 ஆம்பியருக்குக் கீழ இறங்கணும், அதுக்கு மேல நின்னா ஏதோ ஒண்ணு பேட்டரியக் குடிச்சுக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு ஃபியூஸா எடுத்துப் பாத்தா எத எடுக்கும்போது அளவு இறங்குதோ அங்கதான் கோளாறு.

ரெண்டு எச்சரிக்கை. டேஷ்போர்டுக்குள்ள மஞ்சள் உறை போட்ட வயர் கட்டு, மஞ்சள் கப்ளர் இதெல்லாம் ஏர்பேக்கோடது, செட்டோட ஒத்தை மஞ்சள் வயரோட அத போட்டுக் குழப்பிக்காதீங்க, அது பக்கமே போகாதீங்க. வேலை ஆரம்பிக்கும்போது பேட்டரி நெகட்டிவ மொதல்ல கழட்டி, மேனுவல்ல சொல்லியிருக்குற நேரம் வரைக்கும் காத்திருந்துட்டு அப்புறம் கை வைங்க, மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. அப்புறம் ஸ்பீக்கரோட நெகட்டிவ வண்டி பாடியில எர்த் பண்ணிடாதீங்க, ரொம்பப் பழைய செட்டுல அப்படிப் பண்ணுவாங்க, இப்ப வர்ற செட்டுல அப்படிப் பண்ணா உள்ள ஸ்பீக்கருக்கு பவர் குடுக்குற ஐசி சிப் போயிடும்.

வாட்ஸ் கணக்கும் வால்யூமும்

அட்டைப்பெட்டி மேல "50 வாட்ஸ் நாலு"ன்னு பெருசா போட்டிருக்கும். வண்டி ஓடும்போது வோல்டேஜ் 14.4 கிட்ட இருக்கும், ஸ்பீக்கர் 4 ஓம்ஸ், இத வச்சு கணக்குப் போட்டா ஒரு நொடி உச்சத்துல வர்ற அளவுதான் அந்த 50. தொடர்ந்து சுத்தமா குடுக்கக்கூடியது, ஆர்எம்எஸ்னு சொல்றது, கணக்குப்படியே 26-அ தாண்டாது, இழப்பு போக கையில வர்றது 18-லேர்ந்து 22 வாட்ஸ். அதனால ஸ்பீக்கரோ ஆம்ப்போ வாங்கும்போது சின்ன எழுத்துல போட்டிருக்குற ஆர்எம்எஸ் நம்பர மட்டும் பாருங்க.

இது ஏன் முக்கியம்னா, செட்டால குடுக்க முடியாத அளவுக்கு வால்யூம ஏத்தும்போது சவுண்டோட அலை மேலயும் கீழயும் வெட்டுப்படும், இதத்தான் கிளிப்பிங்னு சொல்றாங்க. கேக்க கரகரன்னு இருக்கும். வெட்டுப்பட்ட அலைல தேவையில்லாத மேல்ஸ்தாயிச் சத்தம் நிறைய சேரும், அது நேரா போய் விழறது மேல்ஸ்தாயிக்குன்னு இருக்குற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்ல, அதோட காயில் முடி மாதிரி மெல்லிசு, சூடாகி எரிஞ்சு போயிடும். பெரிய ஆம்ப் போட்டாத்தான் ஸ்பீக்கர் போகும்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க, சின்ன செட்ட முழு வால்யூம்ல வச்சும் ட்வீட்டர எரிக்கலாம்.

அதனால செட்டு போட்ட மொத நாளே ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி செட்டிங் பண்ணிடுங்க. பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர் எல்லாத்தையும் சைபர்ல வைங்க, லவுட்னஸ (பேஸ தானா ஏத்திக் குடுக்குற செட்டிங்) அணைச்சிடுங்க. ஆயிரம் தடவை கேட்ட, நல்ல தரத்துல இருக்குற பாட்டு ஒண்ணு போடுங்க. வால்யூம மெதுவா ஏத்திக்கிட்டே போங்க, குரல் எந்த நம்பர்ல பிசிற ஆரம்பிக்குதோ அதுக்கு ரெண்டு மூணு நம்பர் கீழ, அதான் உங்க செட்டோட எல்லை. ஆம்ப் இருந்தா அதுல கெயின்னு ஒரு திருகு இருக்கும், அது வால்யூம் இல்ல, செட்டு அனுப்புற சிக்னலுக்கு ஆம்ப் பொருந்துறதுக்கானது. மொதல்ல கெயின குறைச்சு வச்சுக்கிட்டு, செட்டோட வால்யூம அந்த எல்லைக்குக் கொண்டு போய், அப்புறம் கெயின கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, பிசிறு கேட்டதும் கொஞ்சம் பின்னாடி வந்து நிறுத்திடுங்க. அதுக்கப்புறம் யாரு வந்து "இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே"ன்னாலும் அதுல கை வைக்க விடாதீங்க.

ஈக்வலைசர்ல ஒரு பழக்கம் சொல்றேன், ஏதாவது பத்தலன்னா அத ஏத்தாம மத்தத இறக்கிப் பாருங்க. பேஸ 6 டெசிபல் ஏத்தினா அந்த பகுதிக்கு நாலு மடங்கு பவர் தேவைப்படும், அவ்வளவு பவர் செட்டுகிட்ட கிடையாது, உடனே கிளிப் ஆகும். ஹை பாஸ் ஃபில்டர் (ஒரு அளவுக்குக் கீழ இருக்குற கனமான சத்தத்தத் தடுக்குறது) இருந்தா டோர் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ்ல வைங்க, சப்வூஃபருக்கு (ஆழமான பேஸுக்குன்னு இருக்குற வூஃபர்) லோ பாஸ், அதாவது மேல இருக்குற சத்தத்தத் தடுக்குற ஃபில்டர், அதே 80. டோர் ஸ்பீக்கர் கனமான பேஸ இழுக்க வேண்டிய வேலை இல்லாம போனதும் குரல் எவ்வளவு தெளிவாகுதுன்னு கேட்டுப் பாருங்க, எனக்கு இதுல கிடைச்ச சந்தோஷம் புது ஸ்பீக்கர் வாங்கினப்போ கூட கிடைக்கல.

பேஸே இல்ல, பாட்டு எங்கயோ பறக்குற மாதிரி இருக்குன்னா ஒரு ஸ்பீக்கர் தலைகீழா இணைச்சிருக்கலாம். 1.5 வோல்ட் பேட்டரி செல்ல, செட்டுலேர்ந்து கழட்டின ஸ்பீக்கர் வயர்ல ஒரு நொடி தொட்டுப் பாருங்க, பாசிட்டிவ் பாசிட்டிவோட சேந்தா கோன் (ஸ்பீக்கர் முன்னாடி தெரியுற கூம்பு) வெளிய தள்ளும், மாறியிருந்தா உள்ள இழுக்கும்.

ஆம்ப் போடுறீங்கன்னா

பேட்டரிலேர்ந்து ஆம்ப்புக்குப் போற தடி வயர்ல ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், 45 சென்டிமீட்டருக்குள்ள. அந்த ஃபியூஸ் ஆம்ப்ப காப்பாத்த இல்ல, வயர காப்பாத்த. ஃபியூஸ் டிக்கில ஆம்ப் பக்கத்துல இருந்து, நடுவுல எங்கயோ சீட்டுக்கு அடியில வயர் உரசி பாடில பட்டுச்சுன்னா, பேட்டரியோட மொத்த கரண்டும் அந்த எடத்துல பாயும், வண்டியே தீப்பிடிக்கும். இஞ்சின் பக்கத்துலேர்ந்து உள்ள வர்ற ஓட்டையில ரப்பர் வாஷர் இல்லாம வயர விடாதீங்க, தகரம் அத அறுத்துடும். ஃபியூஸ் அடிக்கடி போனா அதே அளவுல மாத்திப் பாத்து காரணத்த தேடுங்க, பெரிய ஃபியூஸ் போடுறதும் கம்பிய சுத்துறதும் தீய கூப்பிட்டு வைக்கிற வேலை.

எர்த் வயர் குட்டையா, பவர் வயரோட அதே தடிமன்ல, பெயிண்ட சுரண்டின வெறும் தகரத்துல போல்ட் போட்டு இறுக்கணும். ஆக்ஸிலேட்டர மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல உய்ய்ன்னு ஒரு சத்தம் ஏறுதுன்னா பெரும்பாலும் எர்த் கோளாறுதான், இல்லன்னா சிக்னல் கேபிளும் பவர் வயரும் ஒரே பக்கமா ஓடுது. ஒண்ண இடது பக்கமும் இன்னொண்ண வலது பக்கமும் கொண்டு போங்க. ரெண்டு 4 ஓம்ஸ் ஸ்பீக்கர இணையா போட்டா 2 ஓம்ஸ் ஆகிடும், ஆம்ப் அதத் தாங்குமான்னு பாத்துட்டுப் போடுங்க. வூஃபர் பெட்டிய டிக்கில சும்மா வைக்காதீங்க, பிராக்கெட் போட்டு முடுக்குங்க, திருட்டுக்காக மட்டும் இல்ல, சடன் பிரேக் போட்டா அவ்வளவு கனம் முன்னாடி பறந்து வரும்.

போன இணைக்கும்போது

ப்ளூடூத்ல இணைச்சதும் "கான்டாக்ட்ஸ அனுமதிக்கவா"ன்னு போன் கேக்கும், யோசிக்காம சரின்னு அமுக்கிடுவோம், அப்ப நம்ம மொத்த போன் புக்கும் செட்டுக்குள்ள போயிடும். சொந்த வண்டின்னா பரவால்ல. வாடகை வண்டில பாட்டு கேக்க மட்டும் அனுமதி குடுங்க, இறங்குறதுக்கு முன்னாடி செட்டுல உங்க போன் பேர அழிச்சிடுங்க. பழைய செட்டுல இணைக்கிற பின் 0000 இல்ல 1234-னு இருக்கும், மாத்த வழி இருந்தா மாத்திடுங்க. போன் வால்யூம கிட்டத்தட்ட முழுசா வச்சுட்டு செட்டுல கூட்டிக் குறைங்க, அப்பத்தான் இரைச்சல் இல்லாம வரும். பென் டிரைவ் எடுக்கலன்னா பெரும்பாலும் ஃபார்மட்தான் பிரச்சனை, ஃபேட்32-ல போட்டா ஏறக்குறைய எல்லா செட்டும் படிக்கும். இதெல்லாம் வண்டி நிக்கும்போதே பண்ணிடுங்க, ஓடும்போது ஸ்டீரிங்ல இருக்குற பட்டன் போதும்.

காதுக்கும் ஒரு அளவு இருக்கு. 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் குறையும்னு தொழிற்சாலை பாதுகாப்புக்கு வகுத்த ஒரு கணக்கு இருக்கு, அப்படிப் பாத்தா 94 டெசிபல்ல ஒரு மணி நேரந்தான். கண்ணாடி ஏத்தின கார்ல அந்த அளவ எட்டுறது கஷ்டமே இல்ல. பக்கத்து சீட்டுல இருக்குறவர்கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா குறைச்சிடுங்க, ஆம்புலன்ஸ் சைரன் உங்க காதுக்குக் கேக்கணும்.

திருட்டுலேர்ந்து காப்பாத்த

திருடுறவன் மொதல்ல கண்ணாடி வழியாத்தான் பாப்பான். முகப்பு கழட்டுற மாதிரி செட்டுன்னா இறங்கும்போது கழட்டி அதோட டப்பாவுல போட்டு கூடவே எடுத்துட்டுப் போங்க. க்ளோவ் பாக்ஸ்ல வச்சுட்டுப் போறவங்கதான் அதிகம், மொதல்ல தேடுற எடமே அதுதான். பின்னாடி இருக்குற சின்ன தங்க நிற முனைகள விரலால தொடாதீங்க, அழுக்கு ஏறினா டிஸ்ப்ளே விட்டு விட்டு வரும். சார்ஜர் கேபிள், போன் ஸ்டாண்டு, கண்ணாடில அந்த ஸ்டாண்டு ஒட்டின வட்டத் தடம், இதெல்லாம் உள்ள ஏதோ இருக்குன்னு காட்டிக் குடுக்கும், எடுத்துட்டு துடைச்சிடுங்க. செட்டு வாங்கின அட்டைப்பெட்டிய பின் சீட்டுல போட்டு ஊர் சுத்தாதீங்க. வெளிச்சமான, ஆள் நடமாட்டம் இருக்குற எடத்துல நிறுத்துங்க, கண்ணாடிய ஒரு விரக்கடை கூட தெறந்து விடாதீங்க.

செட்டு, ஆம்ப், வூஃபர் பெட்டி மூணுலயும் வண்டி நம்பர பொறிச்சு வைங்க, ஒரு கூர்மையான ஆணி போதும், தகரப் பகுதில அடையாளமா இருந்தா விக்கிறது கஷ்டம், கிடைச்சா உங்களோடதுன்னு நிரூபிக்கிறது சுலபம். செட்டுக்குப் பின்னாடி ஒரு தகரப் பட்டை போட்டு டேஷ்போர்டு சட்டத்தோட போல்ட் போட்டா இழுத்த இழுப்புக்கு வராது. இப்ப வர்ற கம்பெனி ஸ்கிரீன்ல பலது அந்த வண்டியோட மட்டுந்தான் வேலை செய்யும், அத பிடுங்கினவனுக்குப் பெருசா பிரயோஜனம் இல்ல, ஆனா அவன் உடைச்ச கண்ணாடிக்கு நாமதான் செலவு பண்ணணும். நீங்களா வாங்கிப் போட்ட செட்டு பல இன்சூரன்ஸ் பாலிசில தானா சேராது, தனியா சொல்லி சேக்கணும், அதுக்கு அந்த பில் வேணும்.

நடந்தே போச்சுன்னா உள்ள கை வைக்காம போட்டோ எடுங்க, சீரியல் நம்பரோட போலீஸ்ல புகார் குடுங்க, இன்சூரன்ஸுக்கு சொல்லுங்க. செட்டுலயே உங்க மெயிலோ பாட்டு ஆப்போ திறந்து வச்சிருந்தா போன்லேர்ந்து அந்த கணக்க வெளியேத்திடுங்க. அறுந்து தொங்குற வயர் முனை ஒவ்வொண்ணையும் தனித்தனியா டேப் சுத்தாம வண்டிய எடுக்காதீங்க, மஞ்சள்ல இன்னும் கரண்ட் இருக்கும், பாடில பட்டா ஷார்ட் ஆகும்.

அப்புறம் ஒரு நாள் வண்டிய விக்க வருவீங்க. அன்னைக்கு செட்டுல ஃபேக்டரி ரீசெட் குடுத்து உங்க போன், கான்டாக்ட்ஸ், வீட்டு விலாசம் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. வீட்டுல பத்திரமா வச்சிருந்தீங்களே அந்த கோட் அட்டை, அத ஆர்சி பேப்பரோட சேத்து வாங்குறவர் கையில குடுத்து, இது எதுக்குன்னும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.